பரம்பரை என்ற கேள்வி

மனநல மருத்துவர் எங்கள் பரம்பரையைப் பற்றி விசாரித்தபோது, கல்யாணப் பேச்சுக்கு வருபவர்களுக்குச் சொல்லும் பதிலையே அவருக்கும் சொன்னேன்.

"எங்கட பரம்பரையில ஒரு குறையும் இல்லை."

துறைமுகக் கந்தோரில் பிரதம லிகிதராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் சொல்லை எவரும் திருப்பிக் கேட்டதில்லை. மூதூரைச் சேர்ந்த அந்த இளம் பெண் மருத்துவரும் கேட்கவில்லை. "இல்லை" என்று எழுதிக்கொண்டார். மாதக்கணக்காகப் படுக்கையில் சுருண்டு கிடந்த என் மகனுக்கு மனச்சோர்வுக்கான மாத்திரை தந்தார்.

மூன்றாம் கிழமை அவன் எழுந்தான். எழுந்தவன் பிறகு படுக்கவேயில்லை. ஐந்து நாள் நித்திரையின்றி, ஓயாமல் பேசி, விடுமுறையில் இருந்த வேலைக்குத் திரும்பிப் போய் மேலாளரை எல்லோர் முன்னிலையிலும் ஏசி, வேலையையும் இழந்தான்.

மூவருமாக மறுபடி போனபோது என் மனைவி வாய் திறந்தாள்.

"டொக்டர், இவற்ற தமையனும் இப்பிடித்தான். கிழமைக்கணக்கா நித்திரை இல்லை. பிறகு மாசக்கணக்கா எழும்ப ஏலாது."

என் முகம் எரிந்தது. என் அண்ணனைத் தூரத்து மனநல வைத்தியசாலையில் விட்டுவிட்டு, "கப்பலில் வேலைக்குப் போய்விட்டான்" என்று ஊருக்குச் சொன்னவர் என் தந்தை. துறைமுகத்து ஊரில் அதை நம்பாதவர் எவருமில்லை. தந்தைக்குப் பின் அக்கதையை நான் பேணினேன். மகனும் அதைக் கேட்டே வளர்ந்தான். மனைவிக்குக்கூடக் கல்யாணத்தின் பின்னரே உண்மை சொல்லப்பட்டது. அவள் அதை மருத்துவரிடம் தனியே சொல்லியிருக்கலாம் என்றே இன்றும் எண்ணுகிறேன்.

மருத்துவர் பேனாவை வைத்தார்.

"ஐயா, நான் குலப்பெருமையைக் கேக்கேல்லை. நித்திரையையும் முழிப்பையும் நடத்துற மணிக்கூடு ஒண்டு உடம்புக்குள்ள இருக்கு. அதுக்குரிய மரபணுக்கள் சில குடும்பங்களில கொஞ்சம் வேற மாதிரி இருக்கலாம். அதால மட்டும் இப்பிடி ஏறி இறங்குற மனநோய் வராது. வாற சாத்தியம் கூடலாம். தமையனைப் பற்றிச் சொல்லியிருந்தா, அந்த மாத்திரையைத் தனியத் தந்திருக்க மாட்டன். இந்த நோய் உள்ள ஆக்களை அது தனிய இப்பிடிக் கிளப்பிவிடலாம்."

மகன் சிரித்தான். "பெரியப்பா எந்தத் துறைமுகத்தில இறங்கினவர், அப்பா?"

"டேய், டொக்டருக்கு முன்னால..."

"அவவுக்கு முன்னாலதானே பொய் சொன்னனீங்கள்?"

மருத்துவர் புதிய தாள் ஒன்றை எடுத்தார். மகனுக்கு இனி எந்த மருந்தென்று தீர்மானிக்க உதவும் என்று சொல்லி, அண்ணனுக்கு வைத்தியசாலையில் என்ன நோயென்று சொன்னார்கள், எம்மருந்தால் தணிந்தது, மருந்துடனும் எத்தனை நாள் நித்திரையின்றி இருந்தார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. அண்ணன் அங்கிருந்த பதினொரு ஆண்டுகளில், இறக்கும்வரை, ஒருமுறையேனும் நான் பார்க்கப் போனதில்லை. அந்தத் தாளில் "தெரியாது" என்று மூன்று இடங்களில் மருத்துவர் எழுதுவதை மகன் பார்த்துக்கொண்டிருந்தான்.