ஏலத்தில் போன கிட்டார்

பிள்ளைகளே, நேற்று உங்கள் ஃபோனில் ஒரு கிட்டார் கிழிந்த குரலில் கத்தியது. எனக்குச் சித்தப்பா ஞாபகம் வந்துவிட்டது. எழுபதுகளில், சித்தூரில், ரேடியோ ஸ்பீக்கரின் காகிதத்தைப் பிளேடால் கீறி அந்தக் குரலைக் கொண்டுவந்தவர் அவர். ஏழு எண்ணித் திரும்பும் தாளத்தில் ராக் வாசிப்பார். மெட்ராஸ் இசைக்குழு ஒன்று அவரைக் கூப்பிட்டிருந்தது.

அவர் கிளம்ப இருந்த வாரம் எங்கள் தேவாலயச் சபையில் அறுப்பின் பண்டிகை, விளைந்ததைக் காணிக்கை வைக்கும் நாள். அவர் போவது பிடிக்காத என் தாத்தா, பூசணிக்காய், கோழிகளோடு அந்தக் கிட்டாரையும் காணிக்கையாக வைத்துவிட்டார். காணிக்கையை ஏலம்தான் விடுவார்கள், திருப்பித் தரமாட்டார்கள்.

“உன் சாமான நீயே கேளுப்பா,” என்றார் ஏலம் விட்டவர்.

சித்தப்பா தாத்தாவைப் பார்த்தார். “கேட்டா வூட்ல சேத்துக்குவியா நைனா?”

“எத்துக்கினு மெட்ராஸ்லயே இரு. உங்கம்மா செத்தாகூட வராத.”

சித்தப்பா ஏலம் கேட்கவில்லை. ஒரு தக்காளி வியாபாரி கிட்டாரை எடுத்துப் போனார்.

பிறகு சித்தப்பா மாங்கூழ் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். ஒருநாள் மெட்ராஸிலிருந்தே ஆள் வந்தார்.

“கிட்டார் நாங்க தரோம், வாங்க.”

“கை மறந்துபோச்சி சார்,” என்றார் சித்தப்பா.

அன்று காலைகூட அவர் விரல்கள் சாப்பாட்டு மேசையின் விளிம்பில் வாசித்துக்கொண்டிருந்தன. பார்த்த நானும் வாயைத் திறக்கவில்லை.