வரிசை நகரணும்

அரசு ஆஸ்பத்திரி மருந்து கவுன்ட்டரில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான்தான் வேலை பழக்குவேன். போடி மெடிக்கல் ஷாப்பிலிருந்து வந்த ரேவதி, ஒவ்வொருவருக்கும் நின்று விளக்குவாள். ஒருநாள் கோம்பைக்காரர் ஒருவரிடம் மூட்டுவாத மாத்திரை அட்டையைக் கொடுத்து, "ஐயா, இது வாரத்துக்கு..." என்று ஆரம்பித்தாள்.

"இங்கன நின்னு கதை பேசாத, வரிசை நகரணும். அடுத்த ஆளு!" என்று கத்தினேன். அவர் ஒதுங்கிப் போய்விட்டார்.

வாரம் ஒன்றுதான் போட வேண்டும். தினமும் போட்டிருக்கிறார். வாயெல்லாம் புண்ணாகி வார்டுக்கு வந்தவர் பிழைக்கவில்லை.

அவர் மனைவி காலி அட்டையோடு கவுன்ட்டருக்கு வந்தார். "டாக்டரு எழுதுனாகன்னு ஒருநா விடாம நாந்தான் சார் குடுத்தேன். எங்கன தப்பாச்சு?"

"தெரியலம்மா" என்றேன்.

பக்கத்தில் ரேவதி கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது அவள் யாரிடமும் நின்று பேசுவதில்லை. வரிசை வேகமாக நகர்கிறது.