அவிழாத சால்வை

எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. துறைமுகத்தில் குமாஸ்தா வேலை, ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த சந்தில் வீடு. இரண்டு பைத்தியங்கள் என்னைப் பிடித்திருந்தன. ஒன்று நாடகம் எழுதுவது. இன்னொன்று எதிர் வீட்டுப் பெண்.

அவள் மடத்துச் சிஸ்டர்களிடம் குரோஷா கற்றவள். ஜன்னலோரம் உட்கார்ந்து, நுனி வளைந்த சின்ன ஊசியால் மேஜை விரிப்பு, தலையணை ஓரம் என்று ஏதாவது பின்னிக்கொண்டே இருப்பாள். ஒரு நாள் ஏதோ தப்பாகிவிட்டது போலிருக்கிறது. நூலைப் பிடித்து ஒரே இழுப்பு. அரை நாள் வேலை சர்ரென்று அவிழ்ந்து, வெறும் நூலாக மடியில் விழுந்தது. குரோஷாவில் முடிச்சே கிடையாது, கண்ணிக்குள் கண்ணி நுழைந்து நிற்கிறது, அவ்வளவுதான். இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்கு அது சுத்த மந்திரமாகப் பட்டது. இரண்டே நாளில் நாடகத்தை எழுதி முடித்துவிட்டேன்.

கதை இதுதான். ஒரு சூனியக்காரி சால்வை பின்னி இளவரசனுக்குப் போர்த்துகிறாள். அவன் கல்லாகிவிடுகிறான். அவனை நேசிக்கிற பெண் வந்து நூலின் நுனியைக் கண்டுபிடித்து இழுக்க, சால்வை முழுக்க அவிழ்ந்து விழ, கல் மறுபடி மனுஷனாகிறது. பங்குச் சாமியார் படித்துப் பார்த்து, சூனியக்காரி கடைசியில் மனந்திரும்பினால் கோயில் மைதானத்தில் போட்டுக்கொள்ளலாம் என்றார். இருட்டுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்றும் சொன்னார்.

பெண்கள் மேடை ஏறாத காலம். கதாநாயகி என் தோஸ்து, துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வின்ச் ஓட்டுகிறவன். மீசையை எடுக்க வைப்பதற்கு நாலு நாள் அவன் காலில் விழாத குறை. இளவரசன் நான். வசனம் கொஞ்சம்தான், ஆனால் எதிர் வீட்டுப் பெண் கையால் பின்னிய சால்வையைப் போர்த்திக்கொண்டு நிற்கலாமே! என் அத்தை போய்க் கேட்டதும் பின்னித் தர ஒப்புக்கொண்டாள். சந்தோஷத்தில் அத்தையை மறுபடியும் அனுப்பினேன், இந்த முறை பெண் கேட்க. அவள் அப்பா காசிமேட்டில் கட்டுமரம் வைத்திருந்தவர். "அது இன்னா சொல்லுதோ அதான்" என்று பெண்ணைக் கை காட்டிவிட்டார். அவள், "நாடகம் முடியட்டும், சொல்றேன்" என்றாளாம். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒத்திகை. தோஸ்து நுனியைப் பிடித்து இழுத்ததும் சால்வை என் மேலிருந்து தண்ணீராகக் கழன்று ஓடும். நாங்கள் குழந்தைகள் மாதிரி கை தட்டிக் குதிப்போம். பிறகு நூலை உருண்டையாகச் சுற்றி எதிர் வீட்டில் கொடுத்து, "அடுத்த ஞாயித்துக்கெழமைக்கு வேணும்" என்பேன். அவள் பேசாமல் வாங்கிக்கொள்வாள். இப்படி ஐந்து ஒத்திகை, ஐந்து சால்வை. ஆறாவது நாடகத்துக்கு.

நாடகத்தன்று சால்வையை அவள் அப்பாவே எடுத்துக்கொண்டு வந்தார். கடல் சரியில்லாததால் முந்தின நாள் அவர் தொழிலுக்குப் போகவில்லை.

"இந்தா தம்பி. இனிமே உனக்குக் கவலையே வாணாம்" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. மாமனார் ஆகப்போகிறவர் சிரிக்கிறாரே என்ற மயக்கத்தில் நான் சால்வையைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

மைதானம் நிறைந்துவிட்டது. முன் வரிசையெல்லாம் காசிமேட்டுக்காரர்கள். நான் கல்லானேன். தோஸ்து சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து, அழுது, நுனியைத் தேடி இழுத்தான். சால்வை அவிழவில்லை. நான்தான் ஓரடி நகர்ந்தேன்.

"டேய், கல்லு நவுருதுடா!" என்று ஒரு குரல்.

"மச்சான், அவுர மாட்டேங்குது" என்று தோஸ்து கிசுகிசுத்தான். வின்ச் ஓட்டுகிற கை. அடுத்த இழுப்பில் நான் குப்புற விழுந்தேன். சால்வை தலையையும் காலையும் சுற்றிக்கொண்டது. அவன் என் இடுப்பில் காலை ஊன்றிக்கொண்டு இழுக்க, நான் மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போனேன். வலைக்குள் ஒன்று துள்ளுவதைப் பார்த்த பிறகு காசிமேட்டுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? "ஏலேலோ ஐலசா" என்று ஆரம்பித்தவர்கள் நிறுத்தவே இல்லை. சூனியக்காரி வேஷம் போட்ட ரயில்வே பயர்மேன் சிரித்துச் சிரித்து, திரையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அந்தக் கூச்சலில் முன் வரிசையில் ஒருவர் எழுந்து நின்றார். அவள் அப்பா.

"நல்லா இழுங்கடா! ஒரு கண்ணி அவுருதா பாரு! பாவம், என் பொண்ணு ஒவ்வொரு வாரமும் பின்னுது, ஒவ்வொரு வாரமும் அவுந்து போவுது. அதான் நேத்து பூரா குந்திகினு கண்ணிக்குக் கண்ணி வல முடிச்சு போட்டுட்டேன். திமிங்கலமே வந்தாலும் அவுராது!"

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. நாடகம் முடிந்தால்தான் பதில். நாடகமோ முடியவே போவதில்லை.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து அவள் எழுந்து வந்தாள். கையில் கத்தரிக்கோல். விறுவிறுவென்று மேடை ஏறி என் பக்கத்தில் முட்டி போட்டாள். மைதானம் கப்பென்று அடங்கியது. ஒரு முடிச்சில் கத்தரியை வைத்தவள், அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் இன்னும் பெருமையாக நின்றுகொண்டிருந்தார். கத்தரியைக் கீழே வைத்துவிட்டாள்.

"நைனா போட்டத நான் அறுக்க மாட்டேன்" என்றாள்.

"அப்ப இன்னா பண்றது?"

"எழுதினது நீதான? மாத்து."

"எப்படி மாத்துறது?"

"ஆறு தபா பின்னேன். ஆறு தபாவும் வேற வேற பூ. நல்லாக் கீதுன்னு ஒரு தபா, ஒரே ஒரு தபா, வாயத் தொறந்து சொன்னியா நீ?"

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனாலும் முன் வரிசைக்குக் கேட்டுவிட்டது. "அதானே!" என்று ஒரு அம்மா சத்தமாகச் சொன்னார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மூக்குக்கு நேரே கிடந்த சால்வையை அப்போதுதான் பார்த்தேன். அவள் அப்பாவின் முடிச்சுகளுக்கு நடுவே வரிசை வரிசையாக ஐந்து இதழ்ப் பூக்கள். முந்தின ஐந்து சால்வைகளில் என்ன பூ இருந்தது என்று யோசித்தேன். ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. இவள் ஜன்னலை வருஷக்கணக்காகப் பார்த்தவன் நான்!

எழுந்து நின்றேன். சால்வையோடுதான், வேறு வழியில்லை. சபையைப் பார்த்து நாடகக் குரலில் சொன்னேன்:

"மக்களே! இந்தச் சால்வையை யாரும் அவிழ்க்க வேண்டாம். இதன் அழகைப் பார்க்கத் தெரியாமல் நின்றேன், அதனால்தான் கல்லாகக் கிடந்தேன். இப்போது பார்த்துவிட்டேன். மிக நன்றாக இருக்கிறது!"

விசிலும் கைதட்டலும் காதைப் பிளந்தன. சாமியாருக்குக் கொடுத்த வாக்கை ஞாபகம் வைத்திருந்த பயர்மேன் தவழ்ந்து வந்து, அங்கேயே அப்போதே மனந்திரும்பினார். தோஸ்து நிஜமாகவே அழுதுகொண்டு திரையை இழுத்து மூடினான்.

"நாடகம் முடிஞ்சுது" என்றேன் அவளிடம். எனக்கு மூச்சு வாங்கியது. "அத்தை கேட்டதுக்குப் பதில்?"

"அத்தை கேட்டாங்க. நீ கேட்டியா?" என்றாள். இடது கையை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். ஆள்காட்டி விரலில் நூல் அறுத்த கோடு சிவந்திருந்தது. ஊசி பட்டுப் பட்டு, பக்கத்தில் தோல் காய்த்துப் போயிருந்தது.

"மொதல்ல இதப் பாரு. அப்பால கேளு."

பார்த்தேன். பிறகு கேட்டேன். சரி என்றாள்.