அந்த நாவலில் அக்கா இல்லை

யுத்த காலத்தில் மதுரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். எங்கள் தமிழ்ப் பண்டிதர் ஒருநாள் ஒரு நாவலைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். "அழாம முடிச்சிட்டீர்னா நீர் மனுஷனே இல்ல, கல்லு" என்றார். காகிதத் தட்டுப்பாட்டில் அச்சடித்தது. ஒரு பக்கத்து எழுத்து மறுபக்கத்திலும் தெரிந்தது.

ஒரு பையன் பன்னிரண்டு வயதிலிருந்து இருபது வயதுவரை வளர்கிற கதை. அவனுடைய அப்பாவும் அம்மாவும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒருவரோடொருவர் பேசுவதில்லை. எனக்கு எரிச்சல் அங்கேயே ஆரம்பித்துவிட்டது. எங்கள் வீடும் அப்படித்தான் இருந்தது.

எனக்கு எட்டு வயது, அக்காவுக்குப் பத்து. தாய்மாமன் கல்யாணத்தில் அப்பாவை இரண்டாம் பந்தியில் உட்கார வைத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து தாம்தூம் என்று குதித்தார். அம்மா, "இப்ப என்ன கொறஞ்சு போச்சு?" என்று ஒரு வார்த்தை கேட்டாள். அவ்வளவுதான். ஆறு வருஷம் பேச்சு நின்றுபோனது. செல்லூர்ச் சந்தில் இரண்டே அறை உள்ள வீடு. நான்தான் தூது.

"ரசத்துல உப்பில்லன்னு சொல்லுடா."

அம்மா மூன்றடி தள்ளித்தான் நிற்பாள். நான் போய்ச் சொல்ல வேண்டும்.

"நாக்கு செத்துப்போச்சான்னு கேளுடா."

நான் திரும்பி வந்து கேட்க வேண்டும்.

நாவல் பையனோ பக்கத்துக்குப் பக்கம் அழுகிறான். கிணற்றடியில் அழுகிறான், மாமரத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறான், நிலாவைப் பார்த்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அட, அழ எங்கே நேரம்? அந்த மாதிரி வீட்டில் பிள்ளைகளுக்கு ஓயாத வேலை. இரவல் புத்தகமாக இல்லாவிட்டால் பரீட்சைப் பேப்பரைத் திருத்துவதுபோல ஓரமெல்லாம் சிவப்பில் தப்புப் போட்டிருப்பேன்.

ஆனால் நடுவில் ஓர் அத்தியாயம். "இத நாய்கூடத் திங்காது" என்று அப்பா சொல்லி அனுப்ப, பையன் அம்மாவிடம் போய், "அப்பாவுக்கு வயிறு சரியில்லையாம்" என்கிறான். புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டேன். அப்பா வெளி அறையில் இருந்த நாட்களில் நானும் எத்தனையோ முறை அப்படி மாற்றிச் சொன்னவன். யாரிடமும் சொன்னதில்லை. இந்த அழுமூஞ்சி எழுத்தாளருக்கு அது எப்படித் தெரிந்தது? அதற்குப் பிறகு மோசமான புத்தகம் என்று தூக்கிப் போடவும் முடியவில்லை, நல்ல புத்தகம் என்று ஒத்துக்கொள்ளவும் மனம் வரவில்லை.

நாவலின் கடைசியில் அப்பா நோயில் விழுகிறார். அம்மா காலைப் பிடித்துக் கதறுகிறாள். ஆறும் கரை புரள்கிறது. எங்கள் வீட்டில், அக்கா கல்யாணத்தன்று மணவறையில் இருவரும் சேர்ந்து நிற்க வேண்டியிருந்தது. அப்பா அம்மா பக்கம் திரும்பி, "தள்ளி நில்லு" என்றார். ஆறு வருஷத்தில் அதுதான் முதல் பேச்சு. அம்மா தள்ளி நின்றாள். யாரும் அழவில்லை.

யாரோடாவது சேர்ந்து இந்தப் புத்தகத்தைத் திட்டினால்தான் மனசு ஆறும் என்று வாடிப்பட்டிக்கு அக்காவிடம் எடுத்துப் போய்க் கொடுத்தேன். பதினைந்து நாள் கழித்து மறுபடி போனேன். பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரிப்புகையால் ஓடிய பஸ் வழியில் இரண்டு தடவை நின்று, கண்டக்டர் இறங்கிக் கரியடுப்பைக் கிளறி, மத்தியானத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தேன். அக்கா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"கடைசி அத்தியாயம் நல்லாருந்துச்சுடா தம்பி" என்றாள்.

"அது பச்சப் பொய்யிக்கா!"

"பொய்யின்னு எனக்குத் தெரியாதா? படிக்கையில நல்லாருந்துச்சு. அம்புட்டுத்தான்." கல்லைச் சுண்டி எறிந்தாள். "எனக்கு வேற கோவம். அந்த வீட்டுல ஒரு பொம்பளப் புள்ள இல்ல, பாத்தியா? இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

"என்ன தெரிஞ்சிருக்கும்?"

"நீ சேதி சொல்லிட்டுத் தெருவுக்கு ஓடிருவ. அப்பா மூஞ்சியப் பாத்துச் சோறு போட்டது நானு. அந்தத் தட்டக் கழுவிட்டு, அம்மா மூஞ்சியப் பாக்குறதும் நானு. கத எழுதுறவன் எல்லாம் ஓடுனவனப் பத்தித்தான் எழுதுறான்."

எனக்குச் சுருக்கென்றது. நான் எங்கே ஓடினேன், எவ்வளவு பாடு பட்டேன் என்று கத்தினேன். அவள் முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே இருந்தாள். சாப்பிடாமல்கூடக் கிளம்பப் பார்த்தேன், விடவில்லை. சோறு போட்டாள். அன்றைக்குத்தான் அவள் என் முகத்தைப் பார்த்துப் பரிமாறுவதைக் கவனித்தேன். தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டேன்.

புத்தகம் மஞ்சள் கறையோடு திரும்பி வந்தது. பண்டிதர் முகம் சுளித்தார். அக்காவைச் சொல்ல மனமில்லாமல், சாப்பிட்டுக்கொண்டே படித்துவிட்டேன் என்றேன்.

"கைய விட்டுக் கீழ வைக்க முடியலையாக்கும்!" என்று அவருக்கு ஒரே சந்தோஷம். மறுநாளே அதே ஆசிரியரின் இன்னொரு நாவலைக் கொண்டுவந்து நீட்டினார். முதலாவதைவிடத் தடிமன். பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கிக்கொண்டேன்.