"விடு" என்று கத்தச் சொல்லிக்கொடுத்தேன்

சனிக்கிழமை காலை பதினொன்று இருபது. ஆரஞ்சுத் தோலின் மணம் அப்போது என் விரல்களில் இருந்தது. கொல்கத்தாவின் டாலிகஞ்சில் ஒரு சந்துக்குள் இருந்த அந்தச் சிறப்புப் பள்ளியின் வாசலில், பிள்ளைகளை உள்ளே விட்ட பெற்றோர் நடைபாதையில் செய்தித்தாள் விரித்து உட்கார்ந்து, பழம் உரித்துக்கொண்டும் கம்பளி பின்னிக்கொண்டும் "அட்டா" என்று வங்காளத்தில் சொல்லும் அரட்டையில் பொழுதைக் கழிப்பது வழக்கம். நான் வேலை பார்க்கும் வங்கிக்கு விடுமுறையான சனிக்கிழமைகளில் நானும் அவர்களோடு உட்காருவேன்.

என் மகள் நிலாவுக்கு அந்தக் குளிர்காலத்தில் பன்னிரண்டு வயது. அறிவு வளர்ச்சி குறைந்த பிள்ளை. படி இறங்கக்கூடச் சுவரைப் பிடித்துக்கொள்வாள். அந்த ஒரே ஆண்டில் இரண்டு விளையாட்டு ஆசிரியர்கள் விலகியிருந்தார்கள். பிள்ளைகளுக்குச் சொன்னால் புரியவில்லை, விசில் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள் என்பது அவர்கள் சொன்ன குறை. மூன்றாவதாக வந்த இளைஞர் சுப்ரதோ விசிலை மூட்டை கட்டி வைத்துவிட்டார். பந்து எறிவதைப் பிடி, தூக்கு, கால் வை, எறி என்று துண்டு துண்டாக்கி, பிள்ளையின் பின்னால் நின்று கையோடு கை சேர்த்து அசைத்து, வாரம் போகப் போகப் பிடியைத் தளர்த்துவார். "இவரும் போயிட்டா விளையாட்டு வகுப்பையே எடுத்துருவோம்" என்று தலைமை ஆசிரியை எங்களிடம் சொல்லியிருந்தார்.

அதே பருவத்தில் என் வீட்டில் இன்னொரு வகுப்பு நடந்தது. பெண் குழந்தைகளுக்கு நடக்கும் கொடுமைகளைப் பற்றி நாளிதழில் படித்தவை தூக்கத்தைக் கெடுக்க, நான் தினமும் ஆறு மணித் தேநீருக்குப் பிறகு நெஞ்சில் தலையணையைக் கட்டிக்கொண்டு, நிலாவின் பின்னால் போய் மணிக்கட்டைப் பிடிப்பேன். அவள் முழங்கையால் இடிக்க வேண்டும், திரும்ப வேண்டும், முகத்தில் அடிக்க வேண்டும், "விடு" என்று கத்த வேண்டும். சரியாகச் செய்தால் "சபாஷ்" என்று கைதட்டுவேன். இரண்டு மாதம் ஒரு நாள்கூடத் தவறவில்லை.

"போதும் விடுங்க. யாரு தொடலாம், யாரு தொடக்கூடாதுன்னு அவளுக்குத் தெரியாதே" என்றாள் என் மனைவி.

"அதெல்லாம் அப்புறம். முதல்ல அடிக்கக் கத்துக்கட்டும்."

வீட்டு விஷயம் என்று பள்ளியில் சொல்லவில்லை. அந்தச் சனிக்கிழமைதான் நிலாவுக்குப் பந்து எறியும் முதல் பாடம் என்பதும் எனக்குத் தெரியாது.

"விடு! விடு!" என்ற அலறல் மதிலைத் தாண்டி வந்தது. பக்கத்தில் பின்னிக்கொண்டிருந்த ஒரு தாய், "கீ போல்ச்சே, தாதா?" என்றார். என்ன சொல்கிறாள் அண்ணா என்று கேள்வி. அந்த நடைபாதையில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். "யாரோ பிடித்திருக்கிறார்கள், விடச் சொல்கிறாள்" என்று வங்காளத்தில் கத்திக்கொண்டே ஓடினேன். அவ்வளவு போதுமாக இருந்தது. பதினைந்து பேர் காவலாளியைத் தள்ளிக்கொண்டு உள்ளே புகுந்தோம்.

சுப்ரதோ மண்டியிட்டிருந்தார். மூக்கிலிருந்து கொட்டிய ரத்தத்தில் சட்டையின் நிறமே மாறியிருந்தது. நிலா ஒரு கையால் அவர் முகத்தில் அடித்துக்கொண்டிருக்க, அவளது இன்னொரு கையை அவர் தடுத்துப் பிடித்திருந்தார். எனக்கு அந்தப் பிடி மட்டும் தெரிந்தது. விலாவில் உதைத்தேன். விழுந்தவரைத் திரும்பவும் உதைத்தேன். பின்னால் வந்தவர்கள் குடையாலும் செருப்பாலும் அடித்தார்கள்; ஒருவர் எவர்சில்வர் டிபன் டப்பாவால் அவர் நெற்றியைப் பிளந்தார். வகுப்பு முழுக்க இரண்டடி தள்ளி நின்றிருந்த ஆயா மாயா, "கிச்சு கொரேனி! ஒன்றும் செய்யவில்லை அவன்!" என்று கதறிக்கொண்டே அவர் மேல் விழுந்து மறைத்தாள். அவள் கூந்தலைப் பிடித்து யாரோ இழுத்தார்கள்.

அப்போது நிலா என் முழங்கையைத் தொட்டாள். விரல்முட்டிகளில் ரத்தம், முகமெல்லாம் சிரிப்பு.

"அப்பா, சபாஷ்?"

உதைத்துக்கொண்டிருந்த என் கால் தரையில் நின்றது அதற்குப் பிறகுதான்.

சுப்ரதோவுக்கு நெற்றியில் ஏழு தையல், ஒரு விலா எலும்பு முறிவு. மருத்துவமனையில் வைத்தே தலைமை ஆசிரியையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். விளையாட்டு வகுப்பு நின்றது. பிள்ளைகள் அந்த நேரத்தில் மைதானத்தைப் பார்த்தபடி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்கள்.

நிலாவுக்கு இப்போது பதினாறு. அந்த நடைபாதையில் இன்று செய்தித்தாள் விரிப்பவர் இல்லை. பெற்றோர் யாரும் காத்திருக்கக் கூடாது என்று பள்ளி எழுதிப் போட்டுவிட்டது. அன்று கூட இருந்தவர்கள் வழியில் என்னைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் கடந்துவிடுகிறார்கள். என் வீட்டில் யாரும் யார் பின்னாலும் சத்தமில்லாமல் வருவதில்லை.

சுப்ரதோ இனி வரமாட்டார் என்றே அப்போது எல்லோரும் நினைத்தோம். அடிபட்ட பின் வந்த ஐந்தாவது சனிக்கிழமை பள்ளிக்கு வந்தார். தையல் தழும்பு சிவந்திருந்தது, மூச்சை அளந்து விட்டார். மன்னிப்புக் கேட்க நான் வாய் திறந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். வங்காளத்தில் அவர் சொன்னது இதுதான்:

"அதை அப்புறம் பார்த்துக்கலாம், தாதா. நிலா இடிச்சா, திரும்பினா, அடிச்சா, கத்தினா. நாலும் வரிசையா வந்துச்சு. இங்க எந்தப் பிள்ளைக்கும் என்னால நாலு படியைச் சேர்த்துக் கொண்டுவர முடிஞ்சதில்ல. அதைச் சொல்லிக்கொடுக்க எத்தனை நாள் எடுத்தீங்க? தினமும் ஒரே நேரமா? ஒரே வார்த்தையா? உட்காருங்க, ஒன்னுவிடாம சொல்லுங்க. பந்து எறிய நான் அப்படித்தான் சொல்லித்தரணும்."