பாதிப் பல் வெட்டிய சில்லு

வியாழன் காலை, என் தையல் மெசினின் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, சலீம் நானா வருவார் என்று வேலிப் படலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தவர் பக்கத்து வளவு யோகம் அக்கா.

"தேத்தண்ணி வைக்காத பிள்ளை. நானா விடியக் காலமை மௌத்தாகிட்டாராம். பின்னேரமே அடக்கமாம்."

அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். நீராவிப்பிட்டியிலிருந்து சைக்கிளில் வந்து, எங்கள் முள்ளியவளைப் பக்கம் மெசின் திருத்தியவர். அந்தச் சைக்கிளுக்குப் பிறேக் கிடையாது. செருப்பைத் தரையில் தேய்த்துத்தான் நிறுத்துவார். ஒருமுறை எங்கள் வேலியோடுதான் நின்றார். வேலியையும் அவரே கட்டித் தந்தார். சரி, அதை விடுவோம்.

போர் முடிந்து மீளக்குடியேறிய காலத்தில், புருஷன் இல்லாத எங்களுக்கு உதவியாக மெசின்கள் வந்தன. பூட்டிக் கொடுக்க நானாவைக் கூப்பிட்டிருந்தார்கள். பூப்போட்ட புது வெள்ளை மெசின்கள் பல. பழைய கறுப்பு மெசின் ஒன்றே ஒன்று. நானா சட்டைப்பையிலிருந்து காந்தம் ஒன்றை எடுத்தார். உடைந்த றேடியோவில் கழற்றியது. கறுப்பில் வைத்தார், டக்கென்று ஒட்டியது. வெள்ளையில் வைத்தார், விழுந்தது.

"எந்தக் கொம்பனி நல்லது நானா?" என்று கேட்டேன்.

"பேர் ஒட்டுற ஸ்டிக்கர், தங்கச்சி. சில்லைச் சுத்திப்போட்டுக் கையை எடுத்துப் பாருங்கோ. கறுப்பு தன்பாட்டில சுத்தும். வெள்ளை ரெண்டு சுத்தோட நிக்கும். உள்ளுக்குப் பல்லுச் சில்லு பிளாஸ்டிக்."

"இந்தக் கறுப்புக் கிழவியைக் கொண்டுபோய் என்ன செய்யிறது? லைற்றும் இல்லை."

"லைற்றாலயோ தைக்கப் போறீங்கள்?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்த ரோசத்தில் வெள்ளையையே எடுத்தேன். கறுப்பை யோகம் அக்கா எடுத்தார். எண்ணெய் விடுவதைத் தவிர அதற்கு இன்றுவரை ஒன்றும் செய்ததில்லை. விடியத் தொடங்கினால் இருட்டும்வரை அக்கா அதில் தைப்பார்.

என்னுடையதில் இரண்டாம் வருஷமே பல்லுச் சில்லு உடைந்தது. "அப்பவே சொன்னனான்" என்று நானா ஒருநாளும் சொன்னதில்லை. இதே மாதிரியான பழுதாய்ப்போன மெசின்களைத் தேடி, சில்லுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வந்து பூட்டினார். போன மாதம் கடைசிச் சில்லும் உடைந்தது. வவுனியாக் கடைகளில் கேட்டேன். எறிந்துவிடச் சொன்னார்கள். பள்ளிக்கூடச் சட்டைத் துணிகள் வெட்டியபடி கிடக்கின்றன. தைக்காவிட்டால் என் வீட்டில் உலை இல்லை.

"இரும்பில அராவித் தாறன் தங்கச்சி. வியாழன் வாறன். அழாதேங்கோ," என்றார் நானா.

செய்தி கேட்ட அன்று பின்னேரம் அவர் வீட்டுக்குப் போனேன். ஆண்கள் அடக்கத்துக்கு மையவாடிக்குப் போயிருந்தார்கள். அவருடைய மனைவி, எங்கள் ராத்தா, பால்மாத் தகரப் பேணியொன்றைத் தந்தார்.

"உங்கடதுதான். நேத்து முழுக்க இருந்து அராவினவர். நெஞ்சு நோகுது எண்டு சொல்லிப்போட்டுக் கீழ வைச்சவர்."

உள்ளே அந்தக் காந்தம். அதில் ஒட்டியபடி ஓர் இரும்புச் சில்லு. அரை வட்டத்துக்குப் பல் இருந்தது. மற்ற அரைவட்டம் வழுவழுவென்று வெறுமையாக இருந்தது.

அதை முடிக்க இனி ஒருவரும் இல்லை. வீட்டுக்கு வந்து சில்லைக் காந்தத்திலிருந்து பிரிக்கப் பார்த்தேன். விடவில்லை.

நல்ல இரும்புதான், நானா. போய் வாருங்கள்.