பஞ்சு என்ன கூட்டம்?

தாராபுரத்திலிருந்து காங்கயம் போகும் ரோட்டில் நடந்துகொண்டிருந்தோம். தலையில் தகரப்பெட்டியோடு அப்பா, துணி மூட்டையோடு அம்மா, அவர்களுக்குப் பின்னால் நானும் பஞ்சுவும். அம்மாவின் அண்ணன் வீட்டில் நாங்கள் தங்கியது நான்கே நாள். அன்று காலை மாமன் வாசலில் நின்று, "கலப்புக்கெல்லாம் என்ற ஊட்டுல எடமில்ல" என்று சொல்லிவிட்டார். சொல்லும்போது பஞ்சுவைத்தான் பார்த்தார்.

பஞ்சு பொமரேனியனுக்கும் தெருநாய்க்கும் பிறந்தது. உடம்பெல்லாம் புசுபுசுவென்று வெள்ளை முடி, அதற்குக் கீழே தெருநாயின் நெட்டைக் கால்கள். கோயமுத்தூரில் வீட்டுக்கு வீடு பொமரேனியன் வளர்த்த காலம் அது. "மேல பங்களா, கீழ குடிசை" என்று பார்த்தவர்கள் சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்பாவோ அவர்களோடு சேர்ந்து சிரிப்பார்.

வழியில் ஒரு டீக்கடையில் நின்றோம். கடைக்காரர் பஞ்சுவை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏனுங்க, இது என்ன கூட்டமுங்க?"

எங்கள் பக்கம் குலத்தை அப்படித்தான் கேட்பார்கள். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"அதுக்கு நாலஞ்சு கூட்டம் இருக்குமுங்க" என்றார் அப்பா.

"செரி, உங்களுதுங்க?"

அப்பா பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். அம்மா அதற்கு முன்பே ரோட்டுக்குப் போயிருந்தாள்.

இந்த நாய் கூட இருக்கும்வரை யாரும் எங்களைச் சேர்க்கமாட்டார்கள் என்று எனக்குப் பட்டது. கொஞ்ச தூரம் போனதும் ஒரு கல்லை எடுத்து எறிந்தேன். விலாவில் பட்டது. பஞ்சு ஓடிப்போகவில்லை, முனகிவிட்டு, இருபதடி தள்ளிப் பின்னாலேயே வந்தது. இன்னொரு கல்லுக்குக் குனிந்தபோது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அது என்ன பண்ணுச்சு, கண்ணு" என்றாள்.

சாயங்காலம், தேங்காய் உடைத்துக் காயவைக்கும் களம் ஒன்றில் அப்பா வேலை கேட்டார். களத்துக்காரம்மா எங்களை விட்டுவிட்டுப் பஞ்சுவைப் பார்த்தார்.

"தேங்கா திங்குமா?"

"தெரியலீங்க" என்றார் அப்பா. அவருக்குப் பொய் வராது.

அந்த அம்மா ஒரு தேங்காய்த் துண்டை எடுத்து வீசினார். காலையிலிருந்து பஞ்சு எதுவும் தின்றிருக்கவில்லை. தின்றுவிட்டால் இங்கேயும் எங்களுக்கு இடமிருக்காது. ஆனால் அவர் கையை ஓங்கியதுமே அது வாலைச் சுருட்டிக்கொண்டு அம்மாவின் சேலைக்குப் பின்னால் பதுங்கிவிட்டது.

"பரவால்லியே, மொறையாத்தான் வளத்திருக்கீங்க. அந்தச் சாளை சும்மாதான் கெடக்குது, இருந்துக்கங்க" என்றார், களத்தோரம் இருந்த குடிசையைக் காட்டி.

என் கல்லைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. எந்த ஊர் என்றுகூடக் கேட்கவில்லை. அம்மா மூட்டையை இறக்கி, அதன் மேலேயே உட்கார்ந்து அழுதாள். அழுதுகொண்டே சிரிக்கவும் செய்தாள். நாய்க்கு இடம் கிடைத்ததற்கு இவ்வளவா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அப்பாவும் அம்மாவும் வேறு வேறு சாதி என்பது எனக்குத் தெரியவர இன்னும் ஆறேழு வருஷம் இருந்தது.

மறுநாள் காலை காக்காய் விரட்டும் வேலையில் சேர்ந்தோம், நானும் பஞ்சுவும். பள்ளிக்கூடம் அதோடு நின்றது. வெயில் ஏறும்வரை பஞ்சு என்னை விட்டு இருபதடி தள்ளியே நின்று குரைத்தது. களத்துக்காரம்மா சாப்பிடப் போன நேரம் பார்த்து, ஒரு தேங்காய்த் துண்டை உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். வெகுநேரம் யோசித்துவிட்டு, வந்து வாங்கிக்கொண்டது.